நான்காவது சில்லில் நின்றுபோன காற்று: டபுள் கெப் ஒன்றில் கொம்பிரசர் பொருத்திய நிகழ்வு ஆய்வு

கற்பிட்டியின் மணற்பாதையை விட்டுத் தார்ப்பாதைக்கு ஏறியதும் வண்டியின் உரிமையாளர் நான்கு சில்லுகளுக்கும் காற்றடிக்கத் தொடங்கினார். மணலில் புதையாதிருக்க 18 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை காற்றை இறக்கியிருந்த டயர்களை 35 க்கு ஏற்ற வேண்டியிருந்தது. முதலாவது சில்லு தடையின்றி நிறைந்தது. இரண்டாவது சற்றுத் தாமதித்தது. மூன்றாவது நிறையும்போது, வண்டியிலேயே பூட்டியிருந்த காற்றுப் பம்பான கொம்பிரசரின் ஓசை கனத்து இழுபட்டது. நான்காவது சில்லின் வால்வில் ஹோஸைப் பூட்டி ஒரு நிமிடம் ஆவதற்குள் அந்த ஓசை முற்றாக நின்றுவிட்டது. அவர் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார், சுவிச்சை நிறுத்திப் போட்டும் பார்த்தார், அசைவில்லை. இறுதியில் மூன்று சில்லுகளில் ஓர் அழுத்தமும் ஒன்றில் வேறோர் அழுத்தமுமாக நுரைச்சோலையில் டயர் ஒட்டும் கடை ஒன்று வரை மிக மெதுவாக வண்டியைச் செலுத்திச் சென்றார். அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, நீங்கள் பூட்டித் தந்த பம் மூன்று சில்லுக்குத்தான் காற்றடிக்கிறது" என்றார். அதில் கோபம் இல்லை. ஆனால் "நீங்கள் பூட்டித் தந்த" என்ற சொற்கள் என்னை விட்டு அகலவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் வாகன வயரிங் வேலை செய்பவன். அந்த வண்டி 2012 ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் கொழும்பில் பலரும் செய்ததைப் போலவே, புதியதை வாங்கும் எண்ணத்தை விட்டுக் கையில் இருப்பதையே நன்றாகப் பேணுவது என்று அதன் உரிமையாளரும் தீர்மானித்திருந்தார். வெள்ளவத்தையில் வசிக்கும் அவர் நீர்வள ஆய்வுப் பணிக்காக மாதத்தில் இரண்டு தடவையாவது வடமேல் மாகாணத்துக்குச் சென்றுவருபவர். மணலில் இறங்குவது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, தொழில். ஆகவே வண்டியோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்ட, சுவிச்சைத் தட்டினால் காற்றுத் தரும் ஓர் ஏற்பாட்டை அவர் கேட்டார். நான் செய்து கொடுத்தேன். அந்த வேலையில் நான் விட்ட பிழைகளையும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்து நான்காவது சில்லில் வெளிப்பட்டன என்பதையும், பின்னர் அந்த ஏற்பாட்டை எவ்வாறு மீளக் கட்டினோம் என்பதையும் இங்கே முழுமையாகப் பதிவுசெய்கிறேன்.

முதலில் பொருத்தப்பட்டது இதுதான். 12 வோல்ற்றில் இயங்கும், எண்ணெய் தேவைப்படாத பிஸ்ரன் வகைக் கொம்பிரசர் ஒன்று. அது முழுச் சுமையில் ஏறத்தாழ 28 அம்பியர் இழுக்கும். 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 33 வீத வேலை நேரம் என்று அதன் தகட்டில் எழுதப்பட்டிருந்தது. அதாவது அரைமணி நேரத்தில் பத்து நிமிடம் ஓடினால் மிகுதி இருபது நிமிடம் அது ஆற வேண்டும். அதனுடன் 7.6 லீற்றர் கொள்ளளவுள்ள காற்றுத் தாங்கி ஒன்றும், 110 இல் பம்பைத் தொடக்கி 145 இல் நிறுத்தும் அழுத்த சுவிச் ஒன்றும் இருந்தன. கொம்பிரசரையும் தாங்கியையும் பின்தட்டின் கீழே, சேசிஸ் சட்டத்தின் உட்பக்கத்தில் பூட்டினேன். அங்கே இடம் இருந்தது, பார்வைக்கும் ஒழுங்காக இருந்தது. சைலன்சர் குழாய் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் சென்றதை நான் கண்டேன். கண்டும் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் முறைப்பாடு வந்தபோது நான் செய்தது, இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததுமான காரியம். பம் பழுது என்று முடிவுகட்டி, கடையில் பேசி, உத்தரவாதத்தின் கீழ் அதே வகையில் புதிய பம் ஒன்றை மாற்றிப் பூட்டினேன். கராஜில் ஒரு சில்லின் காற்றை இறக்கி மறுபடி நிரப்பிப் பார்த்தேன். விரைவாக நிறைந்தது. வண்டியைக் கையளித்தேன். மூன்று வாரங்களின் பின்னர் புதிய பம்பும் அதே பாதையில், அதே நான்காவது சில்லில் நின்றது. இரண்டு பம்புகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றால் பழுது பம்பில் இல்லை என்பதை அப்போதுதான் ஏற்றுக்கொண்டேன். முதலாவது சில்லை எந்தப் பம்பும் நிரப்பும். குளிர்ந்த மோட்டர், நிறைந்த தாங்கி, ஓய்ந்திருந்த வயர் ஆகிய எல்லாமே முதலாவது சில்லுக்குச் சாதகமானவை. அந்த ஏற்பாட்டின் உண்மை நிலை நான்காவது சில்லில்தான் தெரியும். அந்தச் சோதனையை நான் ஒரு தடவைகூடச் செய்திருக்கவில்லை.

கேட்டுக் கண்டறிந்த கசிவு

இம்முறை வண்டியை கராஜில் நிறுத்திவைத்துப் பார்க்காமல், அவர் பயணம் செய்யும் நிலையை அப்படியே உருவாக்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். கொம்பிரசரின் சுவிச்சைப் போட்டபடி நீர்கொழும்பு வரை சென்று திரும்பினோம். காற்றை எங்கும் பயன்படுத்தவில்லை. பேலியகொடையில் நெரிசலில் நின்றபோது, இருக்கைக்குப் பின்னால் எங்கோ அடியில் பம் தொடங்கும் ஓசை கேட்டது. அரை நிமிடத்துக்கும் மேலாக ஓடி நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கியது. உரிமையாளரிடம், "ஐயா, கற்பிட்டிக்குப் போகும்போதும் இந்தச் சுவிச் போட்டபடிதான் இருக்குமா?" என்று கேட்டேன். "வீட்டிலிருந்து புறப்படும்போதே போட்டுவிடுவேன், போய்ச் சேரும்போது தாங்கி நிறைந்திருக்க வேண்டும் அல்லவா" என்றார். அவர் செய்ததில் பிழையில்லை. அப்படிச் செய்யலாம் என்று அவருக்குச் சொன்னதே நான்தான்.

கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தோம். காற்று எங்கும் செலவாகாதபோதும் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை பம் தொடங்கியது. 7.6 லீற்றர் தாங்கியில் அழுத்தம் 145 இலிருந்து 110 க்கு இறங்குகிறது என்றால், சாதாரண வளியமுக்கத்தில் அளந்தால் ஏறத்தாழ 18 லீற்றர் காற்று வெளியேறியிருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு 18 லீற்றர் என்பது நிமிடத்துக்கு 3 லீற்றர். கேட்பதற்கு இது சிறிய தொகை. ஆனால் கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். புத்தளம் வீதியின் நெரிசலோடு நான்கு மணி நேரம் எடுக்கும் பயணம். அந்த நான்கு மணி நேரமும் பம் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை, அதுவும் தனது உச்ச அழுத்தத்துக்கு எதிராக, சைலன்சரின் வெப்பத்தில் இருந்துகொண்டு ஓடியிருக்கிறது. மணலிலும் அதே நிலைதான். காற்றடிக்க வேண்டிய வேளை வருவதற்கு முன்னரே அது களைத்துவிட்டிருந்தது.

சவர்க்கார நீரைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் பூசினோம். தாங்கியின் பக்கத்தில் இருந்த முழங்கை மூட்டில் நுரை மெதுவாக எழுந்து கோழிமுட்டை அளவுக்குப் பருத்தது. அந்த மூட்டைக் கழற்றியபோதுதான் முதலாவது மூலக்காரணம் வெளிப்பட்டது. தாங்கியின் புரி அமெரிக்க என்.பி.டி. வகை. நான் பூட்டியிருந்த மூட்டு பழைய சோனகத் தெருவில் வாங்கிய பிரித்தானிய பி.எஸ்.பி. வகை. இலங்கையின் ஹாட்வெயார் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.எஸ்.பி.தான். கால் அங்குல அளவில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் என்.பி.டி.யில் அங்குலத்துக்கு 18 புரிகள், பி.எஸ்.பி.யில் 19, புரியின் கோணமும் முன்னையதில் 60 பாகை, பின்னையதில் 55 பாகை. ஆகவே இரண்டு மூன்று சுற்றுகள் இலகுவாக ஏறும், பின்னர் இறுகும். அந்த இறுக்கத்தை நல்ல பொருத்தம் என்று கை நம்பிவிடும். உண்மையில் ஒரு புரி மற்றொன்றின் மேல் ஏறி நெரிபட்டு நிற்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க அது தளரும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு வகைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே என்பதால், அங்கே இந்த ஏமாற்றம் இன்னும் கூடுதலாக நிகழும்.

புரி சரியாகப் பொருந்தாததைக் கை உணர்ந்தபோது நான் அந்த உணர்வுக்குச் செவிசாய்க்காமல், வெள்ளை டெப்லோன் டேப்பை எட்டு ஒன்பது சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தேன். அதன் விளைவையும் கண்டோம். பம்புக்கும் தாங்கிக்கும் இடையில் இருந்த ஒருவழி வால்வைத் திறந்தபோது, அதன் சிறிய தட்டின் விளிம்பில் நூல்போன்ற வெள்ளைத் துணுக்கு ஒன்று சிக்கிக்கிடந்தது. டேப்பின் நுனி நறுக்குண்டு காற்றோடு சென்று அங்கே தங்கியிருக்கிறது. ஒருவழி வால்வு முழுமையாக மூடாதபோது தாங்கியின் அழுத்தம் பம்பின் தலைக்குத் திரும்பிவந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் மோட்டர் வெறுமையாகத் தொடங்காமல், தலைமேல் சுமையோடு தொடங்கும். அந்த முதல் இழுப்பில் மின்னோட்டம் வழமையைவிடப் பெருமளவு உயரும். பியூஸைப் பிடித்திருக்கும் கூட்டின் பிளாஸ்டிக்கும் பழுப்பாகி உருகியிருந்தது. அதற்கு இது ஒரு காரணம்.

செம்பு என்று எண்ணிய வயர்

மற்றொரு காரணம் வயரில் இருந்தது. பம் முழுச் சுமையில் ஓடும்போது மல்ரிமீற்றரால் அளந்தோம். என்ஜின் இயங்கும் நிலையில் பற்றறியின் முனைகளில் 14.0 வோல்ற். மோட்டரின் முனைகளில் 11.9. இடையில் 2.1 வோல்ற் காணாமற் போகிறது. இது எங்கே தொலைகிறது என்பதைக் கண்டறிய ஒரே வழி, சுமை ஓடும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் குறுக்கே தனித்தனியாக அளப்பதுதான். பம் ஓய்ந்திருக்கும்போது அளந்தால் எங்கும் முழு வோல்ற் காட்டும், அந்த அளவீட்டால் பயனில்லை. நேர்ப்பக்கத்தில், பற்றறியிலிருந்து ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிச்), பியூஸ் வழியாக மோட்டர் வரை 1.2 வோல்ற். எதிர்ப்பக்கத்தில், மோட்டரிலிருந்து சேசிஸ் வழியாகப் பற்றறி வரை 0.9 வோல்ற்.

எதிர்ப்பக்கத்தின் காரணம் உடனே விளங்கியது. சேசிஸில் போல்ட் பூட்டிய இடத்தில் நான் பெயின்ற்றைச் சுரண்டியிருந்தேன், ஆனால் அதன் மேல் கிறீஸோ பாதுகாப்புப் பூச்சோ வைக்கவில்லை. கற்பிட்டியின் உப்புக்காற்றில் ஒரு பருவம் போனதும் வளையத்தின் கீழே துரு படர்ந்திருந்தது.

நேர்ப்பக்கத்துக்கான விடை எனக்கு வேதனை தந்தது. நான் வாங்கியது 4 சதுர மில்லிமீற்றர் வயர். ஐந்து மீற்றர் நீளம், 28 அம்பியர். நல்ல செம்பாக இருந்தால் வயரில் மட்டும் 0.6 வோல்ற்றுக்கு மேல் இழக்கக்கூடாது. ரிலேயையும் பியூஸையும் சேர்த்தாலும் 1.2 என்பது பொருந்தவில்லை. வயரின் ஒரு முனையை வெட்டி, இழை ஒன்றைப் பிரித்து, பிளேட்டால் அதன் மேற்பரப்பை மெல்லச் சுரண்டினேன். செம்பின் சிவப்பு, தோலைப்போல உரிந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதன் மின்தடை தூய செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஆகவே 4 சதுர மில்லிமீற்றர் என்று பணம் கொடுத்து வாங்கிய வயர், வேலையில் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பைப்போலவே நடந்துகொண்டது. அலுமினியம் மூட்டுகளில் எளிதில் தளர்ந்து அரிக்கும் இயல்பும் உடையது. கடலோரம் ஓடும் வண்டிக்கு அது எந்த வகையிலும் உகந்ததல்ல. இப்போது எந்த வயரை வாங்கினாலும் கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்த பின்னரே சுருளை வெட்டச் சொல்கிறேன். எடையும் காட்டிக்கொடுக்கும், அலுமினியச் சுருள் கையில் இலேசாக இருக்கும்.

2.1 வோல்ற் இழப்பை 28 அம்பியரால் பெருக்கினால் 59 வாற்று. அறுபது வாற்று மின்குமிழ் ஒன்றின் வெப்பத்துக்குச் சமமான வெப்பம் வயரிலும் மூட்டுகளிலும் வீணாகிறது. ஆனால் பெரிய கேடு அந்த வெப்பம் அல்ல. இவ்வகை மோட்டரில் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது சுமை. வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ற். வோல்ற் குறைந்தால் மோட்டர் குறைந்த மின்னோட்டத்தோடு ஓடுவதில்லை, அதே மின்னோட்டத்தோடு மெதுவாக ஓடுகிறது. சுருளில் பிறக்கும் வெப்பம் அப்படியே இருக்க, அதை ஆற்றவேண்டிய காற்றோட்டம் குறைகிறது. ஒவ்வொரு சில்லுக்கும் எடுக்கும் நேரமும் நீளுகிறது. நீளும் ஒவ்வொரு நிமிடமும் வெப்பம் ஏறுகிறது. ஏறிய வெப்பத்தில் செம்புச் சுருளின் தடை கூடி வேகம் மேலும் குறைகிறது. எங்கள் அளவீட்டில் முதலாவது சில்லுக்கு 2 நிமிடம் 50 வினாடி, இரண்டாவதுக்கு 3 நிமிடம் 20 வினாடி, மூன்றாவதுக்கு 4 நிமிடம் 5 வினாடி. நான்காவதில் மோட்டருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்புச் சுவிச் இணைப்பைத் துண்டித்தது. அது தன் கடமையைச் சரியாகச் செய்தது. அது இல்லாதிருந்தால் சுருள் எரிந்திருக்கும்.

தாங்கிக்குள் தண்ணீர்

தாங்கியைக் கழற்றிக் கையில் எடுத்து அசைத்தபோது உள்ளே தண்ணீர் அலம்பும் ஓசை கேட்டது. கவிழ்த்தபோது தேயிலைச் சாயம்போன்ற செந்நிறத் தண்ணீர் அரைக் கோப்பை அளவுக்கு வடிந்தது. தாங்கியில் வடிகால் டெப் இருந்தது. ஆனால் இடத்துக்கு ஏற்றவாறு தாங்கியைத் திருப்பிப் பூட்டியபோது நான் அந்த டெப்பைப் பக்கவாட்டில் வைத்துவிட்டேன். அதைத் திறந்தால் காற்று வருமே தவிரத் தண்ணீர் வராது.

கொழும்பில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 30 பாகை வெப்பத்தில் 80 வீத ஈரப்பதன் என்றால் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். இந்த வண்டியின் 265/65 ஆர் 17 டயர் ஒன்றின் உட்கொள்ளளவை 70 லீற்றர் என்று எடுத்துக்கொண்டால், 18 இலிருந்து 35 க்கு ஏற்ற 81 லீற்றர் காற்று வேண்டும். நான்குக்கும் 324 லீற்றர். அந்தக் காற்றோடு ஏறத்தாழ 8 கிராம் தண்ணீர் பம்புக்குள் செல்கிறது. காற்றை ஒன்பது பத்து மடங்கு நெருக்கி மறுபடி குளிரவிட்டால் அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி தாங்கியிலேயே தங்கும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தேக்கரண்டிக்கு மேல். உலர்ந்த நாடுகளில் எழுதப்பட்ட பொருத்துகைக் கையேடுகள் வடிகாலைப் பற்றி ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நமது காற்றுக்கு அந்த ஒரு வரி போதாது.

இங்கே தாங்கியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 145 பி.எஸ்.ஐ. நிறைந்த 7.6 லீற்றர் தாங்கி, 35 வரை இறங்கும்போது தரக்கூடிய காற்று 57 லீற்றர்தான். ஒரு சில்லுக்கே 81 வேண்டும். ஆகவே சில்லு நிரப்புவதற்காக மட்டும் தாங்கி கேட்பவர்களுக்கு அது தேவையில்லை என்றே இப்போது சொல்கிறேன். இந்த வண்டியின் உரிமையாளருக்குக் காற்று வடிகட்டியின் தூசியை ஊதுவதற்கும், விளிம்பை விட்டு நழுவிய டயரை மறுபடி உட்காரவைப்பதற்கும் ஒரே வீச்சில் வரும் காற்று தேவைப்பட்டது. அதனால் தாங்கியை வைத்துக்கொண்டோம்.

மீளக் கட்டியது

பம்பைச் சேசிஸிலிருந்து எடுத்துவிட்டோம். பொனட்டுக்குள் வைத்தால் பற்றறி அருகில் இருக்கும், வயர் ஒரு மீற்றரோடு முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் மணலில் ஊர்ந்துவந்த வண்டியின் பொனட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் ஏற்கெனவே விரிந்த காற்றையே பம் உறிஞ்ச வேண்டியிருக்கும். 70 பாகைக் காற்று 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 12 வீதம் ஐதானது. நீண்ட வயரைத் தடித்த செம்பால் ஈடுசெய்யலாம், வெப்பத்தை ஈடுசெய்ய வழியில்லை. ஆகவே பின்தட்டின் மூடிய கூண்டுக்குள், கெபினோடு ஒட்டிய முன்சுவரில், 4 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டின் மேல், அதிர்வு தாங்கும் றப்பர் காலணைகளோடு பூட்டினோம். காற்று உறிஞ்சும் வடிகட்டியை ஹோஸ் மூலம் கூரையருகே உயர்த்தினோம். தூசி அடியில்தான் சுழலும்.

வயருக்கு 16 சதுர மில்லிமீற்றர் தூய செம்பு, போக ஒன்று, வர ஒன்று. சேசிஸை நம்பாமல் எதிர்வயரையும் பற்றறி வரை கொண்டுசென்றோம். (புதிய வண்டிகளில் பற்றறியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருக்கும், அங்கே முனையில் நேரடியாகப் பூட்டாமல், உணரிக்கு அப்பால் உடலில் இருக்கும் எர்த் புள்ளியில் பூட்ட வேண்டும்.) பற்றறியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 அம்பியர் போல்ட் வகை பியூஸ். பியூஸ் காப்பது பம்பை அல்ல, வயரை. வயர் எங்கே உராய்ந்து சேசிஸைத் தொட்டாலும் அதற்கு முன்னால் பியூஸ் இருக்க வேண்டும் என்பதால்தான் அது பற்றறியோடு ஒட்டியிருக்க வேண்டும். 28 அம்பியர் ஓடும் இடத்தில் முன்பு நான் வைத்திருந்த 30 அம்பியர் தட்டைப் பியூஸ் எப்போதும் தன் எல்லையிலேயே வெந்துகொண்டிருந்தது. ரிலேயின் கட்டுப்பாட்டு வயரை, திறப்பைத் திருப்பினால் மட்டுமே மின் வரும் இடத்திலிருந்து எடுத்தோம். முனைகளை ஹைட்ரோலிக் அழுத்தியால் அழுத்தி, உட்பக்கம் பசையுள்ள சுருங்கும் உறையால் மூடினோம். உப்புக்காற்று உள்ளே நுழையும் வழி அந்த முனைதான்.

பம்பின் வாயிலிருந்து வரும் காற்று கொதிநீரைவிடச் சூடாக இருக்கக்கூடியது. முன்பு அங்கே நீல நிறப் பொலியூரித்தேன் குழாயைத் தள்ளிப் பூட்டும் மூட்டோடு வைத்திருந்தேன். அது ஒரு பக்கம் மென்மையாகி உப்பியிருந்தது. இப்போது முதல் ஒரு மீற்றருக்கு உருக்குக் கம்பி பின்னிய ஹோஸ், அதன் பின்னர் ஒருவழி வால்வு, அதன் பின்னர் தாங்கி. தாங்கியில் குளிர்ந்து வெளியே வரும் காற்றுக்கு மட்டும் சாதாரணக் குழாய். மூட்டுகள் அனைத்தும் என்.பி.டி.; ஹைட்ரோலிக் ஹோஸ் செய்யும் கடையொன்றில் பித்தளையில் கிடைத்தன. வெளியேறும் முனையில் மட்டும், உள்ளூர் ஹோஸ்களும் பூட்டக்கூடியவாறு, சரியான மாற்றுமூட்டு ஒன்றின் மூலம் பி.எஸ்.பி.க்கு மாறினோம். டேப்புக்குப் பதிலாகத் திரவப் பசையை, முன்னிரண்டு புரிகளை விட்டுவிட்டு, மெல்லியதாகப் பூசினோம்.

அழுத்த சுவிச்சையும் மாற்றினேன். 35 பி.எஸ்.ஐ. வேண்டிய டயருக்காக 145 ஐப் பிடித்துவைத்திருப்பதில் அர்த்தம் இல்லை. உயர்ந்த அழுத்தத்தில் பம்பின் ஒவ்வொரு அடியும் கூடுதல் சூட்டையும் குறைந்த காற்றையும் தருகிறது. 85 இல் தொடங்கி 105 இல் நிற்கும் சுவிச் இந்த வண்டிக்குப் போதுமானது. 175 இல் திறக்கும் பாதுகாப்பு வால்வை அப்படியே வைத்தோம். அழுத்த சுவிச்சின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் தாங்கிக்கும் வெடிப்புக்கும் இடையில் நிற்பது அந்த வால்வு மட்டுமே. அதை அகற்றிவிட்டு மூடியிட்ட வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அருள்கூர்ந்து அப்படிச் செய்ய வேண்டாம். தாங்கியின் உட்புறத்தைத் துருத் தின்றிருந்ததால் பழையதைத் துளையிட்டு ஒதுக்கிவிட்டு, புதியதை வடிகால் டெப் அடிப்புள்ளியில் வரும்படி பூட்டினோம்.

சோதனை

கசிவுச் சோதனையில் மறுபடியும் ஏமாறப் பார்த்தோம். நிரப்பிய உடனே அழுத்தமானி 105 காட்டியது. ஒரு மணி நேரத்தில் 95 க்கு இறங்கியது. எல்லா மூட்டிலும் சவர்க்கார நீர் பூசியும் ஒரு குமிழிகூட இல்லை. உதவிக்கு நின்ற தம்பி தாங்கியைத் தொட்டுப் பார்த்து, "அண்ணா, சூடு ஆறிவிட்டது" என்றபோதுதான் விளங்கியது. சூடான காற்று குளிரும்போது அழுத்தம் தானாகவே இறங்கும். 60 பாகையில் 105 ஆக இருப்பது 30 பாகைக்கு வரும்போது 95 அளவுக்கு இறங்குவது இயற்கை. ஆகவே ஆறவிட்டு, அந்த அளவைக் குறித்து, விடியும்வரை வைத்துப் பார்த்தோம். காலையில் 2 பி.எஸ்.ஐ. மட்டுமே குறைந்திருந்தது.

பின்னர் நீர்கொழும்பு வரை அதே ஓட்டம், அதைத் தொடர்ந்து நான்கு சில்லுகளும் 18 இலிருந்து 35 க்கு. பம் ஓடும்போது மோட்டரின் முனைகளில் 13.5 வோல்ற். முதலாவது சில்லுக்கு 2 நிமிடம் 15 வினாடி, இரண்டாவதுக்கும் அதேதான், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 2 நிமிடம் 20 வினாடி. இருபது நிமிடம் ஆறவிட்டு நான்கையும் மறுபடி இறக்கி நிரப்பினோம். நேரம் பத்து வினாடிக்கு மேல் மாறவில்லை. உரிமையாளர் ஒவ்வொரு சில்லின் நேரத்தையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான்காவது நிறைந்ததும் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இனி மன்னாருக்கும் போகலாம்" என்றார்.

அதன் பின்னர் அவர் மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் பல தடவை சென்றுவந்துவிட்டார். பம் இன்னும் அந்த இரண்டாவது பம்தான். சுவிச்சைப் பயணம் முழுவதும் போட்டுவைப்பதில்லை. மணலை விட்டு வெளியேறும்போதுதான் போடுகிறார், காற்றடிக்கும்போது என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிடுகிறார். ஒவ்வொரு பயணத்தின் பின்னரும் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் வடிகால் டெப்பைத் திறக்கிறார். கடந்த மாதப் பரிசோதனைக்கு வண்டி வந்தபோது நானே அதைத் திறந்து பார்த்தேன். தேக்கரண்டி அளவு தண்ணீர், நிறமின்றித் தெளிவாக வந்தது. பம்பின் றப்பர் காலணைகளில் ஒன்றில் மட்டும் மெல்லிய வெடிப்பு விழுந்திருந்தது. நான்கையும் மாற்றிப் பூட்டினேன்.